பனிக்காலத்தைக் கோடையாக்குவது

(டொரண்டோவின் ஸ்காபரோ பகுதியில், வீட்டுத்தோட்டம் வைத்திருப்போர் கூடிய ஒரு வசந்தகால மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மார்கழி மாதம். உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடி இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கிறது. என்ன செய்வீர்கள்? இந்த அரங்கில் முக்கால்வாசிப் பேர் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும்: தண்ணீர் ஊற்றுவோம். வாடுகிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். அம்மா போனில் சொன்னார்கள் என்று புளித்த மோரும் ஊற்றுவோம். ஹீட்டர் பக்கத்தில் நகர்த்தி வைப்போம். பங்குனியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, அழுகி, கையோடு வரும். குளிர் கொன்றுவிட்டது என்று சொல்லி அடுத்த செடி வாங்கக் கிளம்புவோம்.

குளிர் எங்கே கொன்றது? உங்கள் கூடத்தில் 21 டிகிரி இருந்திருக்கும். கோயம்புத்தூரில் மார்கழி விடியற்காலை அதைவிடக் குளிர்ச்சி. அந்தச் செடி தூங்கப் போயிருக்கிறது, நாம் தூங்கவிடவில்லை. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

வெப்பமண்டலச் செடி என்றால் வருடம் முழுக்கச் சூடும் ஈரமும் கேட்கும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. படத்தில் பார்த்த அமேசான் காடு நம் கண்ணில் நிற்கிறது. ஆனால் பூமியில் 23½ பாகை வடக்குக்கும் 23½ பாகை தெற்குக்கும் நடுவில் எத்தனை வகை ஊர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். மாதம் தவறாமல் மழை பெய்யும் சிங்கப்பூர் அங்கேதான் இருக்கிறது. வருடத்தில் பாதிக்கு மேல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ராமநாதபுரமும் அங்கேதான். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியும் அங்கேதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு, ஆறரை டிகிரி குறையும். அதனால் நிலநடுக்கோட்டிலிருந்து பதினொரு பாகைதான் தள்ளி என்றாலும், டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்து காற்றசையாத இரவுகளில் ஊட்டியின் பள்ளங்களில் உறைபனி விழுந்து விடியும்போது புல் வெளுத்துக் கிடக்கும். தேயிலை இளங்கன்றுகளைக் காய்ந்த பெரணித் தழை போட்டு மூடுவார்கள்.

1848இல் மக்கைவர் என்பவர் உருவாக்கத் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போனவர்கள் ஃபூஷியா பூக்களைப் பார்த்திருப்பீர்கள், ஜிமிக்கி மாதிரித் தொங்கும். ஃபூஷியா இனங்களில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகள். பிறப்பால் வெப்பமண்டலச் செடிதான். அதைச் சென்னைக்குக் கொண்டுபோய் மாடியில் வைத்தால் சித்திரை தாண்டாது. வெப்பமண்டலச் செடி, வெப்பத்தாலேயே சாகிறது.

இதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்துப் பணக்காரர்களுக்கே வெகுகாலம் ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஆர்க்கிட் பைத்தியம் பிடித்திருந்தது. கப்பல் கப்பலாக வந்த செடிகளை, அடுப்பு எரித்து ஆவி பறக்கும் கண்ணாடி வீடுகளில் அடைத்தார்கள். 'ஸ்டவ்' என்றே அந்த வீடுகளுக்குப் பெயர். காற்று நுழைய ஒரு சந்து கிடையாது. மலைக்காட்டு மேகத்துக்குள் குளிர்ந்து கிடந்த செடிகள் அங்கே வெந்து செத்தன. செடி எந்த மலையிலிருந்து வந்தது, எந்த உயரத்தில் வளர்ந்தது என்று விசாரித்து, அதற்கேற்பச் சூட்டைக் குறைத்து, ஜன்னலைத் திறந்த பிறகே நிலைமை மாறியது. அப்படி விசாரித்தவர்களில் ஒருவர் சாட்ஸ்வொர்த் தோட்டத்துக் கண்காணிப்பாளர் ஜோசப் பாக்ஸ்டன். 1849 நவம்பரில் அமேசானின் ராட்சத அல்லியை இங்கிலாந்தில் பூக்கவைத்தவர் என்றே அவரைப் பெரும்பாலும் நினைவுகூர்கிறார்கள். அல்லியைவிட அந்த விசாரிப்புதான் பெரிய வேலை என்பது என் எண்ணம்.

ஆகவே, ஒரு செடியை வாங்கும்போது 'எத்தனை டிகிரி தாங்கும்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'உன் ஊரில் மழை இல்லாத மாதங்களில் நீ என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். வறட்சிக் காலத்தைக் கண்ட செடிக்கு ஓய்வெடுக்கத் தெரியும். அதற்கு ஒரு தந்திரம் செய்யலாம்: இங்கத்தியப் பனிக்காலத்தை அதன் சொந்த ஊர்க் கோடையாக மாற்றிக் காட்டலாம். கோடை என்று நான் சொல்வது நம் ஊர்ச் சித்திரை வைகாசியின் வறட்சியை. இந்த ஊர் சம்மரை அல்ல.

எப்படி மாற்றுவது என்பதற்கு முன், ஏன் மாற்ற வேண்டும் என்று கொஞ்சம் பார்ப்போம். டிசம்பர் 21ஆம் தேதி டொரண்டோவில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை உயரம்தான் ஏறும். அந்தச் சாய்ந்த வெளிச்சமும் மேகத்தைக் கடந்து, இரண்டு கண்ணாடித் தகடுகளைக் கடந்துதான் உள்ளே வரவேண்டும். செடி உணவு தயாரிப்பது ஒளியில். ஆனால் அது சுவாசிப்பதும், சேமித்த சர்க்கரையைச் செலவழிப்பதும் சூட்டைப் பொறுத்தது; ஒளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடக்கும். ஹீட்டர் போட்ட அறையில் செடிக்கு வரும்படி நின்றுபோய், வீட்டு வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. அறை 10, 12 டிகிரியாக இருந்தால் அந்தச் செலவு வெகுவாகக் குறையும். சூடான அறையில் வைத்து அன்பு காட்டுவது உண்மையில் செடியைப் பட்டினி போடுவது.

அதோடு தண்ணீர். இலை இல்லாத செடி நீரை உறிஞ்சாது. உறிஞ்சாத தொட்டியில் மண் சேறாகவே கிடக்கும். வேருக்குக் காற்று கிடைக்காது. அழுகல் பூஞ்சணம் நுழையும். இதுதான் பங்குனியில் உங்கள் கையோடு வந்த வேர்.

குளிரின் காயம் என்று ஒன்று இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு வகை உண்டு. ஒன்று உறைதல்: செல்களுக்கு இடையில் பனிக்கட்டி உருவாகி, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும். இன்னொன்று உறைநிலைக்கு மேலேயே நடப்பது. வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கறுக்கிறதே, அது. செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு கெட்டிப்பட்டு ஓட்டையாகிவிடுகிறது. ஈரக்காட்டுச் செடிகளுக்கு 12, 13 டிகிரியிலேயே இது தொடங்கிவிடும். கொக்கோ, சாதிக்காய், ஈரப்பலா, தென்னை எல்லாம் இந்தக் கூட்டம். இவற்றுக்கு ஓய்வெடுக்கத் தெரியாது. விழித்துக்கொண்டே இருக்கப் பிறந்தவை. தென்னம்பிள்ளையை ஹாலில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அது பூங்கொத்து வாங்குவது மாதிரியான செலவு, அவ்வளவுதான்.

தூங்கத் தெரிந்தவற்றுக்கு வருவோம். நம் மதுரைப் பக்கத்து மல்லிகை விவசாயி இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்கிறார். கார்த்திகையில் பாய்ச்சலை நிறுத்துவார். செடியை வாடவிடுவார். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி அளவுக்கு விட்டு ஒட்ட வெட்டுவார். கவாத்து முடிந்து எருவும் தண்ணீரும் கொடுத்த பிறகு துளிர் வரும். மாசி, பங்குனியில் மொட்டுப் பிடிக்கும். செடியைத் தூங்கவைத்து எழுப்புவது அவர் தொழிலின் ஒரு பகுதி. இங்கே தொட்டியில் மல்லிகை வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறோம்? வருடம் முழுக்க ஊற்றுகிறோம், வெட்ட மனமில்லாமல் கொடியாக ஓடவிடுகிறோம், இலை மட்டும் இருக்கிறது என்று குறைப்படுகிறோம். அக்டோபரில் உள்ளே எடுத்து, நவம்பரில் வெட்டி, குளிர்ந்த வெளிச்சமான ஜன்னலோரம் வைத்து, மண்ணின் மேல் இரண்டு விரல்கடை நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் நனையுங்கள். மார்ச்சில் எழுப்புங்கள்.

மாமரத்தைப் பாருங்கள். அது இலை கொட்டுவதில்லை, ஆனாலும் பூப்பதற்குக் குளிரோ வறட்சியோ ஒரு இடைவேளை வேண்டும். 1889இல் இந்தியாவிலிருந்து ஃபுளோரிடாவுக்கு அனுப்பிய ஒட்டு மாங்கன்றுகள், 1894-95 பனிக்காலத்தின் பேருறைபனியில் ஒன்றைத் தவிர எல்லாம் செத்தன. தப்பிய மரத்தின் பெயர் மல்கோபா. நம் மல்கோவாவின் பெயர்தான். அந்த மரத்துக் கொட்டையிலிருந்து வந்ததுதான் ஹேடன். இன்று இந்த ஊர்ச் சந்தையில் கிடைக்கும் சிவந்த மாம்பழங்களில் பல அதன் வாரிசுகள்.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். உங்களில் பலருக்குக் கார்த்திகைப்பூ. மூலனூர், ஒட்டன்சத்திரம் விவசாயிகளுக்குக் கண்வலிக்கிழங்கு. அவர்கள் விதைக்காகப் பயிரிடுகிறார்கள், மருந்துக் கம்பெனிக்குப் போகும். வேலியில் கொடி ஏறி, பூத்து, காய் வெடித்து, கோடை வந்ததும் தரைக்கு மேல் ஒன்றும் மிச்சமில்லாமல் காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் காய்ந்த மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும். இதைவிடப் பனிநாட்டுக்கு ஏற்ற செடி வேறு என்ன வேண்டும்? செப்டம்பர் கடைசியில் தண்ணீரைக் குறையுங்கள். கொடி மஞ்சளாகிக் காய்ந்ததும் வெட்டிவிட்டு, தொட்டியை அப்படியே உறையாத ஓர் இருட்டு மூலையில் வைத்து மறந்துவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். மார்ச் கடைசியில் புது மண்ணில், சூடான இடத்தில் வைத்தால் முளைக்கும். கார்த்திகையில் பூக்கவேண்டிய பூ இங்கே ஆடி ஆவணியில் பூக்கும். நாள்காட்டி மாறிவிட்டதே என்று ஒரு பெரியவர் என்னிடம் வருத்தப்பட்டார். கிழங்குக்கு மாதம் தெரியாது, வறட்சியும் சூடும் ஈரமும் எந்த வரிசையில் வந்தன என்பதுதான் தெரியும் என்றேன். அவருக்குச் சமாதானமாகவில்லை.

மஞ்சள், இஞ்சி, சேம்பு, கல்வாழை எல்லாம் இதே வழிதான். மஞ்சளுக்கு எட்டொன்பது மாதம் வேண்டும். இந்த ஊரில் உறைபனி இல்லாத காலம் ஐந்து, ஐந்தரை மாதம். ஆகவே பிப்ரவரியிலேயே வீட்டுக்குள் ஈரத் தேங்காய்நாரில் முளைகட்ட வேண்டும். அங்கே மட்டும் சூடு தேவை, 25 டிகிரிக்குக் குறையாமல். முளைக்கும் கிழங்குக்கு வெளிச்சம் தேவையில்லை. ஃபர்னஸுக்குப் பக்கத்து அலமாரி போதும். ஹீட்டரின் அன்பை இங்கே காட்டுங்கள்.

ஈழத்தலரியை ஆசையாக வளர்ப்பவர்கள் இருக்கிறீர்கள். மெக்சிகோ, கரீபியன் பக்கத்து வறண்ட காடுகளின் மரம் அது. இலை கொட்டி மொட்டையாக நிற்பது அதன் பிறவிக் குணம். வேரை மண்ணோடு வைத்திருக்கக்கூட அவசியமில்லை. டெக்சாஸில் அதைப் பிடுங்கி, மண்ணை உதறி, கட்டிக் கராஜில் சாய்த்து வைக்கிறார்கள். சித்திரையில் நட்டால் துளிர்க்கிறது. முருங்கையும் ஓரளவு அப்படித்தான். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்-1 செடிமுருங்கையை வசந்தத்தில் விதையிலிருந்தே தொடங்கி, கீரைக்காக மட்டும் வளர்த்து, அக்டோபரில் இடுப்பளவுக்கு வெட்டிக் காய்ந்த மண்ணோடு உள்ளே வைத்துவிடலாம். முருங்கைக்காய்க்கு ஆசைப்படாதீர்கள்.

எங்கே வைப்பது என்று கேட்கிறீர்கள். இந்த ஊர்ப் பழைய வீடுகளில் முன்வாசல் படிக்கட்டுக்குக் கீழே கோல்டு ரூம் என்று ஓர் அறை இருக்கும். இத்தாலியக் குடும்பங்கள் ஒயினும் தக்காளிச் சாறும் வைக்கப் பயன்படுத்தியது. நம் வீடுகளில் அரிசி மூட்டையும் பழைய சூட்கேஸும் கிடக்கின்றன. ஒரு வெப்பமானியை அங்கே தொங்கவிட்டு ஜனவரி முழுக்கப் பாருங்கள். 7 முதல் 12 டிகிரி வரை நின்றால் உங்களிடம் ஒரு பொக்கிஷம் இருக்கிறது என்று அர்த்தம். கறிவேப்பிலைக்கு மட்டும் அந்த இருட்டு ஆகாது. அது பாதி தூங்கும், பாதி விழித்திருக்கும். குளிர்ந்த ஜன்னலோரம்தான் அதற்கு இடம். இரவு வெப்பம் 10, 12க்கு இறங்கும் செப்டம்பரிலேயே உள்ளே எடுத்துவிடுங்கள். எடுக்குமுன் இலையடியில் செதில்பூச்சி, மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக் கழுவிவிடுங்கள். ஹீட்டரின் வறண்ட காற்றில் சிலந்திப்பேன் ஒன்று இருந்தால் தைக்குள் ஆயிரமாகும்.

இனி வாழை. தரையில் விட்டே பனிக்காலத்தைக் கடக்கும் வாழை ஒன்றே ஒன்றுதான் இங்கே நமக்குக் கைகொடுக்கும்: சீனத்தின் சிச்சுவான் பக்கத்தைச் சேர்ந்த மூசா பாஸ்ஜூ. ஜப்பானில் அதை வெகுகாலமாகத் தோட்டத்தில் வளர்க்கிறார்கள். பாஷோ என்ற கவிஞர் தன் குடிசை வாசலில் சீடர் நட்ட அந்த வாழையிலிருந்தே தன் பெயரை எடுத்துக்கொண்டார். பழம் விதையாக இருக்கும், தின்ன ஆகாது. ஆனால் மேலே உள்ள தண்டு உறைந்து அழிந்தாலும், ஓரடி உயரத்துக்கு வைக்கோலும் சருகும் குவித்துவைத்த அடிக்கிழங்கு பிழைத்து மே மாதம் குருத்து விடும். இங்கிலாந்தின் சஸெக்ஸில் உள்ள கிரேட் டிக்ஸ்டர் தோட்டத்தில் கிறிஸ்டோபர் லாயிட், தன் குடும்பத்தின் பழைய ரோஜாத் தோட்டத்தையே 1990களில் பிடுங்கிவிட்டு வாழையும் கல்வாழையும் வைத்தார். பலர் கோபப்பட்டார்கள். அங்கே வாழைத் தண்டைச் சுற்றிப் பெரணித் தழையைத் திணித்து மூடுவார்கள். ஊட்டித் தேயிலைக்கன்றின் அதே போர்வை. பிளாஸ்டிக் தாளால் சுற்றாதீர்கள். உள்ளே ஈரம் தேங்கி அழுகும்.

இந்த இடத்தில் லண்டனிலிருந்து வந்திருக்கும் நண்பர் கைதூக்குகிறார்: எங்களுக்கு உங்களைவிடக் குளிர் குறைவு, அப்படியானால் எங்கள் பாடு சுலபமா என்கிறார். இல்லை. அமெரிக்க வேளாண்துறையின் குளிர்தாங்கு மண்டல வரைபடம் பலருக்கும் வேதம் மாதிரி. அது சொல்வது ஒரே ஒரு சங்கதி: வருடத்தின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக எவ்வளவு. அந்தக் கணக்கில் லண்டனும் நியூ ஆர்லியன்ஸும் ஏறக்குறைய ஒரே மண்டலம். நியூ ஆர்லியன்ஸில் பப்பாளியும் வெண்டையும் கொழிக்கும். லண்டனில் ஜூலை இரவு 14 டிகிரி. புடலை மூன்றாவது இலையோடு உட்கார்ந்துவிடும். டொரண்டோவின் தை பயங்கரம், ஆனால் ஆடியில் புழுக்கம். அதனால்தான் ஸ்காபரோக் கொல்லைப்புறங்களில் புடலை, பாகல், சுரை, பயற்றங்காய் எல்லாம் பந்தல் நிறையத் தொங்குகின்றன. லண்டன்காரருக்கு அதே புடலைக்குக் கண்ணாடிக்கூடம் வேண்டும். குளிர்நாடு என்று ஒரே நாடு எங்கும் இல்லை. துபாயில் இருப்பவர்களுக்குச் சிக்கலே வேறு: அங்கே தூங்கவைக்க வேண்டியது ஆடியில். 45 டிகிரி வெயிலில் உரம் போடாமல், நிழல்வலை கட்டி, செடியை உயிரோடு மட்டும் வைத்திருந்து, புரட்டாசிக்குப் பிறகு தோட்டம் போட வேண்டும்.

ஒளியின் கணக்கு இன்னொன்றும் உண்டு. அவரை. ஊரிலிருந்து கேட்டு வாங்கிய நல்ல கொடி அவரை விதை. இங்கே மே மாதம் போட்டீர்கள். வேலியை மூடி, கராஜ் கூரை ஏறி, பக்கத்து வீட்டுக்காரர் முறைக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஒரு பூ இல்லை. உரம் போதவில்லை என்று போட்டீர்கள், இன்னும் வளர்ந்தது. அந்தக் கொடி ஆடியில் விதைத்து மார்கழி, தையில் காய்க்கப் பழகியது. இரவு நீண்டால்தான் அதற்குப் பூக்கும் உத்தரவு. இங்கே ஜூன் மாதப் பகல் பதினைந்தரை மணி நேரம். செப்டம்பர் வந்து இரவு நீண்டு முதல் பூ விரியும்போது உறைபனி வாசலில் நிற்கும். கைவைத்தியம் எதுவும் எடுபடாது. பகல்நீளத்தைப் பார்க்காத ரகம் வேண்டும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் என்ற குத்தவரை ரகங்கள் அப்படிப்பட்டவை. சிறகவரைக்கும் இதே தொல்லை உண்டு.

ஊரிலிருந்து கொண்டுவருவது என்றதும் ஒரு வார்த்தை. கறிவேப்பிலைக் கன்றைப் பெட்டியில் வைத்து எல்லை தாண்டாதீர்கள். எலுமிச்சைக் குடும்பத்தையே அழிக்கும் மஞ்சள்துளிர் நோயைப் பரப்பும் தத்துப்பூச்சி கறிவேப்பிலையில் தங்கும். அமெரிக்காவில் புதுக் கறிவேப்பிலை கொண்டுவரவே தடை. ஃபுளோரிடா, கலிபோர்னியாவில் கன்றை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு கட்டு இலைக்காக யாரோ ஒருவருடைய ஆரஞ்சுத் தோப்பு போக வேண்டாம்.

இப்போது சித்திரை. உங்களுக்கு அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் மே மாதம் விக்டோரியா நாள் விடுமுறை கழியும்வரை எதையும் வெளியே நிரந்தரமாக வைக்காதீர்கள். வைக்கும்போதும் முதல் வாரம் நிழலில். வீட்டுக்குள் வந்த இலைகள் நேர்வெயிலில் ஒரே பகலில் வெளுத்துக் கருகும். தண்ணீரைத் துளிர் வந்த பிறகு கூட்டுங்கள், துளிர் வரட்டும் என்று கூட்டாதீர்கள்.

மேடை ஓரத்து மேசையில் காந்தள் கிழங்குகள் வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நுனியில்தான் முளைக்கண் இருக்கும். நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது, அதனால் பையில் போடுமுன் காகிதத்தில் சுற்றுங்கள். கோல்சிசின் என்ற கொடிய நஞ்சு அதில் நிறைய இருக்கிறது. இஞ்சித் துண்டு மாதிரி இருக்கிறதே என்று சமையலறையில் வைத்துவிடாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கையுறைகளும் மேசையிலேயே இருக்கின்றன.